மேற்கே இருக்கிறேன் என்றான்

ஐஸ்லாந்தின் கரையோர ஊரான எங்கள் எய்ராவிக்கில் குழாய்த் தண்ணீர் வந்தது, தெருவிளக்கு வந்தது, மீன்மாவு ஆலையின் கொதிநீரில் சூடாகும் நீச்சல்குளம் வந்தது, ஊரிலேயே தங்கும் டாக்டர்கூட வந்தார். இவற்றில் எதுவும் யாரோ ஒரு நல்லவரின் கருணையால் வந்ததில்லை. என் அண்ணன் த்ரிக்விக்கு மற்றவர்களைவிட அதிகம் வேண்டியிருந்தது. அதனால் வந்தது. இதைச் சொன்னால் ஊரில் சிலருக்குக் கோபம் வரும். கோபப்படுகிறவர்களும் அந்தக் குழாயில்தான் முகம் கழுவுகிறார்கள்.

நாங்கள் பிறந்தது புல்தரை போர்த்திய கூரைக்குக் கீழே. குளிர்காலத்தில் சுவரிலிருந்து தண்ணீர் கசியும். எங்கள் இருவருக்கும் நடுவில் பிறந்த ஒரு அக்கா அந்த ஈரத்திலேயே இருமி இருமிச் செத்துப் போனாள். அப்பா அதைக் கடவுள் விட்ட வழி என்றார். அடுத்த வசந்தத்தில் த்ரிக்வி, மற்றப் பையன்கள் எழுவதற்கு முன்பே பாறை முகட்டுக்கு ஏறி, கடல் வாத்து முட்டைகளையெல்லாம் பொறுக்கிக் கடைக்காரரிடம் விற்றுவிட்டான். பையன்கள் சேர்ந்து அவனை மூக்கில் ரத்தம் வர அடித்தார்கள். அதற்கடுத்த வருடம் அத்தனை பையன்களும் விடியுமுன் முகட்டில் இருந்தார்கள். அதற்கப்புறம் அந்த முகட்டில் வாத்துகள் அதிகம் அடைவதில்லை.

பெரியவனாகி, 'க்ரியா' என்ற பழைய படகுக்குக் கேப்டனான பிறகும் அவன் அப்படித்தான். ஹெர்ரிங் மீனைச் சுருக்குமடி வலையால் வளைப்பது எல்லோருக்கும் தெரிந்த வேலை. வளைத்த வலையைக் கைகளால் இழுப்பதற்குள்தான் உயிர் போகும். அமெரிக்காவில் ஒரு பெரிய கப்பியை உயரத்தில் தொங்கவிட்டு, இயந்திரத்தால் வலையை இழுக்கிறார்கள் என்று எங்கேயோ ஒரு படத்தில் பார்த்துவிட்டான். வீட்டை அடகு வைத்து அதை வரவழைத்தான். கம்பத்தில் அது தொங்கிய முதல் நாள் படகுத்துறை முழுக்க வேடிக்கை பார்த்தது.

"என்னடா த்ரிக்வி, துணி காயப்போடவா?"

"ஆமாடா. உன் பொண்டாட்டி பாவாடைய அனுப்பு, நல்லா காயும்."

சத்தமாகச் சிரித்தவன் மரினோ. அவன் த்ரிக்வியின் மனைவி ஸ்வாவாவுக்கு அண்ணன், 'லோவா' படகின் கேப்டன், த்ரிக்விக்குச் சின்ன வயதிலிருந்து கூட்டாளி. மூக்கில் அடித்த பையன்களில் அவனும் ஒருவன்.

க்ரியா திரும்பி வந்தபோது மேல்தளத்தில் கடல் தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு பாரம். யாரும் சிரிக்கவில்லை. அடுத்த கோடைக்குள் எங்கள் வளைகுடாவில் கப்பி இல்லாத படகு ஒன்றுகூட இல்லை. பிறகு, தண்ணீருக்கடியில் மீன் கூட்டம் எங்கே நிற்கிறது என்று ஒலியை வைத்துக் காட்டும் கருவி வந்தது. அதையும் முதலில் வாங்கினவன் அவன்தான்.

அந்த வருடங்களை எப்படிச் சொல்வது? ஆலைப் புகையின் நாற்றம் மலை வரைக்கும் நின்றது, யாரும் சன்னலை மூடவில்லை. தெற்கிலிருந்து பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து துறையில் குனிந்து நின்று மீனின் தலையை அறுத்து, உப்பு தூவி, பீப்பாயில் அடுக்கினார்கள். நானும் அடுக்கினேன். என் கைவிரல்கள் உப்பில் வெந்து, புண் ஆறவே ஆறாது. ஆனாலும் என் சம்பாத்தியத்தில் முதல்முறையாக ஒரு சிவப்புக் கம்பளிக் கோட்டு வாங்கி அணிந்துகொண்டு நடனத்துக்குப் போனபோது, இந்த உலகத்தில் எனக்கும் ஒரு இடம் உண்டு என்று தோன்றியது. புல்கூரை வீடுகளை இடித்தார்கள். என் அண்ணன் மகள்கள் இருமியதே இல்லை.

முதலில் மாற்றத்தைக் கவனித்தவன் மரினோதான். ஒருநாள் துறையில் என் பக்கத்தில் வந்து நின்று, நான் அறுத்துக்கொண்டிருந்த மீன்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

"ஹல்லா, குட்டி மீன் ஏதாவது கண்ணுல பட்டுச்சா?"

"எல்லாம் பெருசுதான். நல்லதுதானே?"

"எல்லாம் கெழடு. ஒரு ஊருல கெழவங்க மட்டும் இருந்தா அது என்ன ஊரு?"

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். ஆனால் அடுத்த முறை வந்தபோதும் புரட்டிப் பார்த்தான்.

அந்த வருடம் தலைநகரத்திலிருந்து மீன் ஆராய்ச்சிக்காரர் ஒருவர் வந்தார். இளைஞர், குரல் நடுங்கியது. கூட்ட அரங்கில் வரைபடங்களை மாட்டி, புதுக் குஞ்சுகள் வரவேயில்லை, இதே வேகத்தில் பிடித்தால் மிச்சமிருக்கிற கூட்டமும் தாங்காது, பாதியாகக் குறையுங்கள் என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. த்ரிக்வி எழுந்தான்.

"ஐயா, நான் நிறுத்துறேன். நார்வேக்காரன் நிறுத்துவானா? ரஷ்யாக்காரன்?"

"அவங்ககிட்டயும் பேசிட்டு இருக்கோம்..."

"பேசி முடிச்சதும் சொல்லியனுப்புங்க. அதுவரைக்கும் நான் விட்ட மீன அவன் தின்பான். எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு. மீனுக்கு எத்தன பொண்ணுன்னு நீங்களே எண்ணிக்குங்க."

அரங்கமே கைதட்டியது. ஆராய்ச்சிக்காரர் வரைபடங்களைச் சுருட்டினார். மரினோ மட்டும் தட்டவில்லை. வெளியே வந்ததும் த்ரிக்வியின் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

"மாப்ள, ரஷ்யாக்காரன விடு. இலையுதிர் காலத்துல நம்ம வளைகுடா வாசலுக்கு வெளிய, ஆழத்துல ஒரு கூட்டம் வந்து படுக்குதுல்ல. அத கண்டுபிடிச்சது நீயும் நானுந்தான். மத்தவனுக்குத் தெரியாது. இந்த வருசம் அத மட்டும் தொடாம விடுவோம். அதாவது மிஞ்சட்டும்."

த்ரிக்வி கையை நீட்டினான். நானும் ஸ்வாவா அண்ணியும் மரினோவின் மனைவி உன்னுரும் பார்த்துக்கொண்டிருந்தோம். உன்னுருக்கு நாக்கு எப்போதும் கத்தி.

"ரெண்டு திருடனும் கை குலுக்கியாச்சு. இனி பொட்டிக்குப் பூட்டு வேண்டியதில்ல" என்றாள்.

அந்த இலையுதிர் காலத்தில் நடந்ததை த்ரிக்வியே சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சிரித்தான். விளக்குக் கம்பத்தைக்கூடப் பார்க்க முடியாத மூடுபனி ஒன்று வந்தது. இந்தப் பனியில் யாரும் வெளியே வரமாட்டார்கள், ஒரே ஒரு வளைப்பு மட்டும் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று க்ரியாவை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். கூட்டம் படுத்திருந்த இடத்தை நெருங்கும்போது முன்னால் ஒரு படகின் இயந்திரச் சத்தம். பனி கொஞ்சம் விலகியது. லோவா. மரினோ ஏற்கெனவே வலையைப் பாதி இறக்கிவிட்டிருந்தான்.

"மச்சான், காத்து வாங்க வந்தியா?" என்று இவன் கத்தியிருக்கிறான்.

"நீ வருவேன்னு தெரியும் மாப்ள. அதான் முந்திக்கிட்டேன்."

இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம். இரண்டு படகின் ஆட்களும் சேர்ந்து சிரித்தார்களாம். அப்புறம் அந்தக் கூட்டத்தை ஆளுக்குப் பாதியாக வளைத்து அள்ளிவிட்டார்கள். திரும்பும் வழியில் ரேடியோவில் மரினோ சொன்னானாம்: "நிறுத்துற பேச்செல்லாம் நமக்குச் சரிப்படாது. ஒண்ணு செய்வோம். கடல்ல எல்லாருக்கும் பொய் சொல்லுவோம், நமக்குள்ள மட்டும் எடத்த மாத்திச் சொல்ல வேண்டாம்." த்ரிக்வி சரி என்றானாம்.

சொல்லி முடித்து அண்ணன் சிரித்தபோது நாங்களும் சிரித்தோம். அதற்கடுத்த இலையுதிர் காலத்தில் அந்த இடத்தில் ஒன்றும் வந்து படுக்கவில்லை.

மீன் வடக்கே போய்விட்டது என்றார்கள். போனதா, தீர்ந்ததா என்று யாரும் கேட்கவில்லை. படகுகள் வடக்கே போயின, இன்னும் வடக்கே, கரடித் தீவைத் தாண்டி, கடற்பனி மிதக்கும் இடம் வரைக்கும். த்ரிக்வி இதற்குள் இரும்பில் கட்டிய புதுப் படகு வாங்கி அதற்கும் க்ரியா என்றே பெயர் வைத்திருந்தான். மரினோவுக்கு அந்த வசதியில்லை. மரத்தில் கட்டிய அதே லோவாதான். ஊரில் பீப்பாய்கள் காலியாக அடுக்கிக் கிடந்தன. தெற்கத்திப் பெண்கள் வரவில்லை.

கப்பல்களின் ரேடியோப் பேச்சை எங்கள் வீடுகளில் சமையலறை ரேடியோவிலேயே கேட்கலாம். எய்ராவிக்கில் எந்தப் பெண்ணும் அதை அணைத்து வைத்துச் சமைத்ததில்லை. எல்லோரும் கேட்பதால் கேப்டன்கள் வீட்டுக்குப் பேசும்போது பூடகமாகப் பேசுவார்கள். த்ரிக்விக்கும் ஸ்வாவாவுக்கும் ஒரு பெரியம்மா இருந்தாள், உண்மையில் இல்லாத பெரியம்மா. அவளுக்கு இடது முட்டி வலித்தால் மீன் மேற்கே, வலது முட்டி வலித்தால் கிழக்கே. தூக்கம் வராமல் புரண்டாள் என்றால் கூட்டம் பெரிது.

அக்டோபர் மாதம் ஒரு காலை. அண்ணி மாவு பிசைந்துகொண்டிருந்தாள், நான் காப்பி ஊற்றினேன். கரையோர நிலையம் வழியாக அண்ணன் குரல் வந்தது.

"பெரியம்மா எப்படி இருக்காங்கன்னு கேட்டேன். வலது முட்டி ரொம்ப வலிக்குதாம். ராத்திரி முழுக்க பொரண்டாங்களாம்."

அண்ணி மாவுக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டாள். அந்தக் கோடை முழுக்கக் கேட்காத செய்தி. இன்னும் கொஞ்ச நாள் ஆலை ஓடும். காப்பி ஆறுவதற்குள் படகுகள் ஒன்றையொன்று அழைக்கும் அலைவரிசையில் மரினோ பேசினான். குரலில் களைப்பு.

"மாப்ள, இங்க சுத்திச் சுத்தி ஒண்ணுமில்ல. எண்ணெயும் கொறஞ்சுட்டு வருது. நீ எங்க இருக்க?"

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும். பிறகு அண்ணன்:

"மேற்க இருக்கேன் மச்சான். பனி விளிம்பு ஓரமா. அங்கங்க கொஞ்சம் கொஞ்சமா தட்டுப்படுது."

"மேற்கயா? சரி மாப்ள, அங்கயே வர்றேன்."

ஸ்வாவா சிரித்துவிட்டாள். "கள்ளன்! எங்க அண்ணனையே ஏமாத்துறான் பாரு" என்றாள். அவள் சிரிப்பில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. மரினோவும் அப்படித்தான் செய்வான், பிறகு கரையில் வைத்து ஒருவரையொருவர் திட்டிச் சிரிப்பார்கள் என்று நினைத்தாள். ரொட்டியை அடுப்பில் வைத்துவிட்டுப் பாட்டு முணுமுணுத்தாள்.

மத்தியானத்துக்கு மேல் வடக்குக் காற்று எழுந்தது. பனி விளிம்பு ஓரம் அந்தக் காற்றில் எப்படி இருக்கும் என்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். அலை தெறித்துப் படகில் விழும் ஒவ்வொரு துளியும் விழுந்த இடத்திலேயே உறைந்துபோகும். கயிறு தொடை பருமனாகும். ஆட்கள் கோடாலியும் சுத்தியலும் எடுத்து வெட்டித் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். வெட்டுவதைவிட ஏறுவது அதிகமானால் படகு தலைகீழாகும்.

"லோவா பேசுறேன்," மரினோவின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "ஐஸ் ஏறுது. வெட்டிட்டுத்தான் இருக்கோம். பசங்க கை வெறச்சுப்போச்சு. பக்கத்துல யாரு இருக்கா? மாப்ள, நீ பக்கத்துலதான இருக்க?"

அண்ணியின் கை ரேடியோவின் மேல் இருந்தது. அது கேட்க மட்டும் முடிகிற பெட்டி.

"மச்சான்," என்றான் த்ரிக்வி. பிறகு மறுபடி, "மச்சான்... நான் கிழக்க இருக்கேன். ரொம்பக் கிழக்க. வலைய அறுத்துட்டேன், வர்றேன். முழு வேகத்துல வர்றேன். வெட்டிக்கிட்டே இருங்க."

ரேடியோவில் இரைச்சல். அவ்வளவு தூரத்துக்கு அப்பாலும் மரினோ மூச்சு விடுவது கேட்டதுபோல எனக்குப் பட்டது.

"அப்படியா," என்றான். "சரி. வா."

அதற்குப் பிறகு அண்ணன் மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தான். லோவா, லோவா, கேக்குதா. வளைகுடாவில் ஒவ்வொரு சமையலறையிலும் அது கேட்டது. தெருவுக்கு எதிர்ப்பக்கத்து வீட்டில் உன்னுரும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் சன்னலில் தெரிந்தாள். எங்களைப் பார்த்தபடி நின்றாள். ஸ்வாவா அடுப்பை மறந்துவிட்டாள். ரொட்டி கருகி வீடெல்லாம் புகை.

வலையை அறுத்தது உண்மை. அந்த வலைக்குள் அந்த வருடத்தின் மிகப் பெரிய கூட்டம் இருந்ததென்று க்ரியாவின் ஆட்கள் பிறகு சொன்னார்கள். த்ரிக்வி ஒரு நொடிகூட யோசிக்கவில்லையாம், தன் கையாலேயே அறுத்தானாம். அங்கே போய்ச் சேர்ந்தபோது கடலில் ஒரு மரப்பலகையும் உடைந்த பீப்பாய் ஒன்றும்தான் கிடந்தன. காற்று அடங்கும்வரை அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தான். லோவாவில் போன எவனும் திரும்பவில்லை. எல்லோருமே எங்கள் தெருக்களின் ஆட்கள்.

வீட்டுக்கு வந்தவன் சட்டையைக் கழற்றாமல் மேசையில் உட்கார்ந்தான். ஸ்வாவா அழவில்லை, கத்தவுமில்லை.

"ஏன் சொன்ன?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரியல. வாய்ல தானா வந்துருச்சு. அவன் வந்தா பாதி போயிடும்னு... யோசிக்கக்கூட இல்ல ஸ்வாவா. மூச்சு விடுற மாதிரி வந்துருச்சு."

"நான் சிரிச்சேன், தெரியுமா? நீ சொன்னப்ப நான் சிரிச்சேன்."

அவள் அந்தக் குளிர்காலம் முழுக்க அவனோடு ஒரே வீட்டில் இருந்தாள். சமைத்தாள், துவைத்தாள். வசந்தத்தில் மகள்களைக் கூட்டிக்கொண்டு ஸ்வீடனுக்குக் கிளம்பினாள். அங்கே ஒரு கப்பல் கட்டும் தளத்தில் நிறைய ஐஸ்லாந்துக்காரர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். துறையில் என்னிடம் சொன்னாள்: "அவர வெறுக்க முடியல ஹல்லா. வெறுக்க முடிஞ்சா இருந்திருப்பேன். அவர் மொகத்தப் பாத்தா நான் சிரிச்ச சத்தம் கேக்குது."

ஹெர்ரிங் அதற்குப் பிறகு வரவேயில்லை. ஆலையின் புகைபோக்கி குளிர்ந்தது. குடும்பம் குடும்பமாக ஊரைவிட்டுப் போனார்கள், சிலர் ஆஸ்திரேலியா வரைக்கும். டாக்டர் போனார். நீச்சல்குளத்துத் தண்ணீர் சில்லிட்டு, பிறகு வற்றி, அதன் தரையில் பனி விழுந்தது. க்ரியா துறையில் கட்டிக் கிடந்தது. கடலுக்கு இனி போவதில்லை என்று த்ரிக்வி யாரிடமும் சொல்லவில்லை, போகவில்லை, அவ்வளவுதான். பகல் முழுக்கத் திரைச்சீலையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நான் மீன் சூப் கொண்டுபோய் வைப்பேன். சில நாள் சாப்பிடுவான்.

கேப்லின் என்று ஒரு மீன் உண்டு. விரல் நீளம் இருக்கும். முன்பெல்லாம் யாரும் அதைச் சீந்தமாட்டார்கள், மற்ற மீன்களுக்குத் தூண்டில் இரையாகத்தான் போகும். அது கூட்டம் கூட்டமாகத் தெற்கே நகர்கிறது, அதே சுருக்குமடியால் வளைக்கலாம், அதையே அரைத்து மாவாக்கலாம் என்று பேச்சு வந்தது. ஆலைக்காரர் த்ரிக்வியிடம் வந்து கெஞ்சினார். இவன் திரைச்சீலையை விலக்கவில்லை. வேறு யாருக்கும் அவ்வளவு பெரிய படகு இல்லை, துணிவும் இல்லை.

ஒரு பிற்பகல் நான் அங்கே இருந்தபோது கதவைத் தட்டாமல் உன்னுர் உள்ளே வந்தாள். அன்று சன்னலில் நின்றதற்குப் பிறகு அவள் அவனோடு பேசியதில்லை. கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"போ," என்றாள்.

அவன் நிமிர்ந்தான்.

"கடலுக்குப் போன்னு சொல்றேன். காது கேக்கலையா?"

"உன்னுர்..."

"பேசாத. மன்னிக்க வரல. சாகற வரைக்கும் மன்னிக்க மாட்டேன், அத தெரிஞ்சுக்க. என் வீட்ல மூணு வாய் இருக்கு. ஆலை ஓடுனாதான் எனக்கு வேலை. நீ போனாதான் ஆலை ஓடும். ஊருல இருக்குற நல்லவனெல்லாம் நெருப்புப் பக்கத்துல உக்காந்து வருத்தப்பட்டுட்டு இருக்கான். வருத்தத்த வச்சு நான் என்ன பொங்குறது?"

"என்னால முடியாது."

"முடியும். உனக்கு அது ஒண்ணுதான் முடியும்." அவள் குரல் உடைந்தது, உடனே அதைச் சரிசெய்துகொண்டாள். "எல்லாத்தையும் அள்ளணும்னு இருக்கும் பாரு உனக்கு, அந்த வெறி, அத எடுத்துட்டுப் போ. எங்களுக்கு இப்ப அதுதான் வேணும்."

வந்த மாதிரியே போய்விட்டாள். த்ரிக்வி எழுந்து திரைச்சீலையை விலக்கினான். பிறகு, நான் எத்தனையோ மாதங்களாகக் கேட்காத குரலில், "ஹல்லா, ஹெர்ரிங் வலையோட கண்ணு கேப்லினுக்குப் பெருசு. சின்னக் கண்ணு வலை எங்க கெடைக்கும்?" என்றான்.

பிப்ரவரியில் க்ரியா போனது; மேல்தளத்தில் தண்ணீர் ஏறி இறங்க, வெள்ளி மாதிரி மின்னும் குட்டி மீன்களோடு திரும்பியது. துறையில் மிச்சமிருந்த ஊரே நின்றது. யாரோ கைதட்டினார்கள், பிறகு எல்லோரும் தட்டினார்கள். அடுத்த வாரமே பக்கத்து வளைகுடாவில் இரண்டு பேர் சின்னக் கண் வலைக்குச் சொல்லி வைத்துவிட்டார்கள்.

உன்னுர் ஆலை வாசலில் வேலைக்கு நிற்கிறவர்களின் வரிசையில் இருந்தாள். த்ரிக்வி படகிலிருந்து இறங்கி அவளைக் கடந்து போனான். அவளும் பார்க்கவில்லை, அவனும் பார்க்கவில்லை. வரிசை நகர்ந்தது, அவள் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள்.